முன் சக்கரத்தைக் கழற்றியவன் நான்

மகனுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். இன்று அதை விட்டுவிடுகிறேன். இதைப் படித்து முடித்தபின் நீ என் நலத்தை விரும்புவாயா என்பது எனக்கு நிச்சயமில்லை. உன் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று நானும் அம்மாவும் உட்கார்ந்து எழுதிய பட்டியலைக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருந்தேன். நீ பார்த்துத் திருப்பி அனுப்பியது பத்து நாளைக்கு முன் வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘ஆறுச்சாமி, முதலமடை’ என்ற பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தாய். ஓரத்தில் உன் நேரான கையெழுத்தில் இரண்டு வரி: ‘மணவறையில் எல்லோரையும் போலச் சம்மணமிட்டு உட்கார முடியாமல், நாற்காலி போட்டு உட்காரப் போகிறவன் நான். அதற்குக் காரணமானவன் என் பந்தலில் வந்து உட்காருவதை நான் விரும்பவில்லை.’

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. முதலில் உன்மேல்தான் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு மனிதனின் பெயரை இப்படிக் கோடு கிழித்துத் தள்ளும் துணிவு இவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டுக்கொண்டேன். என்னிடமிருந்துதான் கிடைத்தது. ஏழு வருஷத்துக்கு முன் அதே பெயரை நான் அடித்தேன். நீ மையால் அடித்தாய். நான் ஆங்கிலத்தால் அடித்தேன். அந்தக் கோபம் இந்தப் பத்து நாளில் சூடு தணிந்து, உறைந்து, என்மேல் வந்து நிற்கிறது. ஆகவே நிதானமாகவே எழுதுகிறேன். உன் வலது முழங்கால் மடங்காமல் போனதற்குக் காரணமானவன் உன் பந்தலில் உட்காரத்தான் ஏற்பாடாகியிருக்கிறது. அதுவும் முதல் வரிசையில், பட்டு வேட்டியோடு. அழைப்பிதழே அவன் பெயரில்தான் அச்சாகியிருக்கிறது. அவன் உன் அப்பா.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று நாளை தோட்டத்து ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டப்படும். இன்னொன்று முதலமடைக்குப் போகிறது. பலர் காதுபடச் சொன்ன பொய்யை உன் ஒருவனிடம் மட்டும் சொல்லித் திருத்திவிட முடியாது. ஒன்றையும் கவனித்துக்கொள்: ஆறுச்சாமியை இதில் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். பதினோரு வருஷம் இங்கே வேலை பார்த்தவரை ‘அவன்’ என்று சொன்ன வாய் என்னுடையது. உன் வாயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தது.

அந்த மோட்டார் சைக்கிளை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் விலைக்கு வந்தபோது வாங்கிய வண்டி. பச்சைச் சாயம் உரிந்து, சக்குபள்ளத்து மேடு முழுவதும் கேட்கும்படி உறுமும். சென்னையில் பட்டம் வாங்கிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்து ஆபீசுக்கு ஹெட்கிளார்க்காக வந்தவன் நான். அந்த வண்டியை எனது இரண்டாவது பட்டம் என்று எண்ணியிருந்தேன். அதன் ஆங்கிலக் கையேட்டைப் பக்கம் பக்கமாக ஒப்பிப்பேன். வண்டியை ஓடவைத்தவர் ஆறுச்சாமி. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பாலக்காட்டுக்குக் கிழக்கே முதலமடை அவர் ஊர். கோயமுத்தூர்க்காரர்களைப் போல ‘ங்க’ போட்டுப் பேசுவார். இடையிடையே மலையாளம் கலந்து வரும். திருநெல்வேலியிலிருந்து வந்த நமக்கு நம் தமிழ்தான் தமிழ்; அதை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை.

ஒருநாள் ஆபீசில் வந்து, “சார், ஊட்டுக்குப் போய்ட்டு நாளான்னிக்கு வந்தர்றனுங்க” என்று லீவு கேட்டார்.

“ஊடுன்னா நடுவிலேன்னு அர்த்தம், ஆறுச்சாமி. வீடுன்னு சொல்லு. வாய் ஒண்ணும் கோணிடாது” என்றேன்.

“சரிதானுங்க சார். எங்க ஊடும் ரெண்டு மாமரத்துக்கு ஊடாலதானுங்க இருக்குது” என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் பேச்சில் எனக்குத் தெரியாத சொல் வந்தால் பொருள் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். ஒரு ஃபிட்டரிடம் போய்ச் சொல்லுக்குப் பொருள் கேட்பதா என்ற எண்ணம். உன் முழங்கால் உடைந்தது அந்த எண்ணத்தில்தான். சாலை வளைவில் உடைந்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில் முன் டயரை மாற்ற வேண்டியிருந்தது. பழைய டயரின் பக்கத்தில் நூல் வெளியே தெரிந்தது. புது டயர் லாரியில் வந்து இரண்டு நாளாகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. வீட்டு முற்றத்திலேயே, என் கையாலேயே கழற்றுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆறுச்சாமியைத் துணைக்கு மட்டும் வரச்சொன்னேன். நீ வராந்தாவில் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாய்.

நான் கையேட்டை விரித்துவைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “மொதல்ல எஞ்சினுக்கு அடியில பெட்டியக் குடுங்க சார். சக்கரத்த உருவுனா வண்டி மண்டி போட்டுருமுங்க” என்றார். பெட்டியை வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினோம். பிரேக் கேபிளின் முனையை விடுவித்தேன். அடுத்து ஒரு சின்ன போல்ட்டு. முன் சக்கரத்தின் பிரேக் ஒரு வட்டத் தட்டில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் சுற்றும்போது அந்தத் தட்டும் சேர்ந்து சுற்றிவிடாமல், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு பிணைத்து நிறுத்துவது அந்தப் போல்ட்டுதான். அதையும் நான்தான் கழற்றினேன். மரை தேய்ந்திருந்தது. “இது தேஞ்சு போச்சு. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வேறே ஒண்ணு அனுப்பச் சொல்லு” என்றேன். “சொல்றனுங்க. அது வர்ற வரைக்கும் இது தாங்குமுங்க, நல்லா இறுக்கிட்டாப் போதும்” என்றார். பிறகு அச்சின் நட்டைக் கழற்றி, மரச்சுத்தியலால் தட்டி அச்சை உருவினேன். சக்கரம் கையில் வந்தது. எனக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “சார், கழட்டுன கைதானுங்க கடைசியாத் தொட்டுப் பாக்கோணும். எங்க ஒர்க்‌ஷாப்புல அதானுங்க சட்டம்.” கையேட்டில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை, நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டயரை நெம்பிக் கழற்றியது உனக்கு நினைவிருக்கும். இரண்டு லிவரும் என் கையிலிருந்து தெறித்து ஒன்று பூந்தொட்டியை உடைத்தது. புது டயருக்குள் டியூபை வைக்குமுன் பவுடர் தூவ வேண்டும். அம்மாவின் பவுடர் டப்பாவை எடுத்துவந்தேன்.

“எம் பவுடர எடுத்து டயருக்கா பூசுறீக?” என்று அவள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“டயரு பொண்ணு பாக்கப் போகுதுங்கம்மா. கொஞ்சம் பளிச்சுனு இருக்கோணுமல்லங்க” என்றார் ஆறுச்சாமி. நீயும் சிரித்தாய். அந்த மனிதரோடு சேர்ந்து நீ கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

காற்றடித்த சக்கரத்தைத் திரும்ப மாட்டினோம். அச்சு உள்ளே போயிற்று, நட்டை இறுக்கினேன், கேபிளைக் கோத்தேன். தேய்ந்த போல்ட்டையே அதன் இடத்தில் வைத்து நானே இறுக்கினேன். ஆறுச்சாமி குனிந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிரேக் ஒரு பக்கம் உரசிற்று. ஸ்பேனரை வாங்கி அந்தப் போல்ட்டில் ஏதோ செய்தார். அந்த நேரத்தில் கீழேயிருந்து ஓர் ஆள் ஓடிவந்து, தண்ணீர் ஏற்றுகிற எஞ்சினில் புகை வருகிறது, உடனே வரவேண்டும் என்று கூப்பிட்டான். ஆறுச்சாமி ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். ஓடும்போதே திரும்பிச் சொன்னார்: “சார், போல்ட்டு அயச்சிருக்குதுங்க! மறந்துராதீங்க!”

‘அயச்சு’ என்ற சொல் எனக்குப் புதிதல்ல. மலையாளத்தில் வரும் ஆபீஸ் காகிதங்களில் அதைத் தினமும் பார்ப்பேன். கடிதம் அயச்சு, பணம் அயச்சு, ரசீது அயச்சு. அனுப்பியாயிற்று என்று அர்த்தம். ஆகவே புது போல்ட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து அனுப்பப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து என் பக்கத்திலேயே நின்றவர் அதை யாரிடம் சொல்லி எப்போது அனுப்பினார் என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. நான் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வராத போல்ட்டுக்காகக் காத்திருந்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நீ வந்தாய். பதில் குமுளித் தபாலாபீசில் பன்னிரண்டு மணிக்குள் சேர வேண்டும். “அப்பா, வண்டி தயாரா? எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாய். நான் குனிந்து பார்த்தேன். பழைய போல்ட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. புதியது வரும்போது வரட்டும், இத்தனை நாள் தாங்கியது இன்னும் ஆறு மைல் தாங்கும் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டுப் பார்க்கவில்லை. “தயார்” என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி நீ போனாய். மூன்றாவது மைலில், இறக்கத்து வளைவில் நீ முன் பிரேக்கைப் பிடித்தபோது அந்தப் போல்ட்டு எங்கோ கழன்று விழுந்து வெகுநேரமாகியிருந்தது. பிரேக் தட்டு சக்கரத்தோடு சுழன்று, கேபிளைச் சுற்றி இழுத்து, சக்கரத்தை ஒரேயடியாகப் பூட்டிவிட்டது. வண்டி உன்னைத் தூக்கிப் பாறைமேல் போட்டது.

மூன்றாம் நாள் காலை தோட்டத்து ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தேன். நீ வலியில் முனகினாய். மலையாளத்துக் கம்பவுண்டர் வந்து உன் காலைப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே இருந்த கட்டின் முடிச்சை விரலால் நெகிழ்த்திவிட்டார். நெகிழ்த்திவிட்டு என்னிடம், “கெட்டு கொறச்சு அயச்சிட்டுண்டு சாரே. இனி வேதன குறையும்” என்றார். நான் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. தளர்த்தியிருந்தார். அவர்கள் பேச்சில் அனுப்புவதற்கும் அயச்சு, தளர்த்துவதற்கும் அயச்சு. எனக்குக் காகிதத்து அர்த்தம் மட்டும் தெரியும்; கையால் வேலை செய்கிறவனின் அர்த்தம் தெரியாது. பிரேக் தட்டு நடுவில் வந்து உட்காருவதற்காக ஆறுச்சாமி அந்தப் போல்ட்டைத் தளர்த்தியிருந்தார். தளர்த்தியிருக்கிறேன், இறுக்க மறந்துவிடாதே என்று என்னிடம் சொல்லி, ஸ்பேனரையும் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்.

இதுவரை நான் எழுதியது தவறு. தவறு யாருக்கும் நேரும். அதற்காக மட்டும் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். இனி எழுதப்போவதற்குத் தவறு என்று பெயரில்லை.

ஐந்தாம் நாள் தோட்டத்து மானேஜர் துரையின் அறையில் விசாரணை நடந்தது. துரைக்குத் தமிழும் வராது, மலையாளமும் வராது. ஆறுச்சாமிக்கு ஆங்கிலம் வராது. எந்த விசாரணையானாலும் இடையில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை; அன்றும் என்னையே நிற்கச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஆறுச்சாமி துரையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: “சார்கிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க போனேன். போல்ட்டு அயச்சிருக்குது, மறந்துராதீங்கன்னு சொன்னேனுங்க. சாரையே கேட்டுப் பாருங்க.” துரை என்னைப் பார்த்தார். இரண்டு நாளாக அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: போல்ட்டு அனுப்பப்பட்டிருப்பதாக என்னிடம் சொன்னதாகக் கூறுகிறான்.

நல்ல ஆங்கிலம் அது. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. நான் அன்று கேட்டுப் புரிந்துகொண்டது அதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இடம் வைத்திருந்தேன். துரை ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் அனுப்பி விசாரித்தார். போல்ட்டு எதுவும் அன்று அனுப்பப்படவில்லை. வேலையில் அசட்டை, அதன்மேல் விசாரணையில் பொய் என்று இரண்டு குற்றங்கள் ஆயின. ஒரு வாரத்துக்குள் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவை நான்தான் தமிழில் அவருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். “சார் படிச்சவருங்க. அவுரு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். இந்த மலை எந்த மாநிலத்தோடு சேரவேண்டும் என்று ஊர் முழுவதும் வாதம் நடந்த காலம் அது. தமிழனுக்கு நியாயம் வேண்டும் என்று அதே மாதத்தில் நான் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். வேலை போய்விடும் என்ற பயம் என்றால் ஓரளவு கௌரவமாக இருக்கும். அது இல்லை. ஹெட்கிளார்க்கை இதற்காக யாரும் வெளியேற்றியிருக்க மாட்டார்கள். பட்டம் பெற்றவன் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் மகனின் காலை முறித்தான் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்வார்களே என்பதுதான் என் பயம். அதைவிடப் பெரிய பயம், நீ கட்டிலில் படுத்தபடி என்னை எப்படிப் பார்ப்பாய் என்பது. உன் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரின் பிழைப்பைக் கொடுத்தேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், “அவன் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக்கூடாதாப்பா?” என்று கேட்டாய். நான் பதிலாக உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். என் ஆயுளில் நான் செய்த மிக அருவருப்பான செய்கை அந்தத் தடவல்தான் என்று இன்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஆறுச்சாமியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எலப்புள்ளியில் ஒரு பட்டறையில் வேலை காலி இருக்கிறது, பதினோரு வருஷம் இங்கே வேலை பார்த்ததற்கு ஒரு நற்சான்று கொடுத்தால் போதும் என்று யாரையோ கொண்டு எழுதியிருந்தார். அதில் என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை. துரை சொல்லாமலேயே நான் பதில் தயாரித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்பட்டவருக்கு நற்சான்று வழங்க இயலாது. இயலாது என்ற சொல்லின் கீழே கோடும் போட்டேன். முதல் பொய்யைச் சொல்லும்போது கை நடுங்கியது. இந்தக் கோட்டைப் போடும்போது நடுங்கவில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பம் நடத்தப் போகிறவன் நீ. மனைவியிடம் முதல்முறை ஒன்றை மறைக்கும்போது உன் கை நடுங்கும், நடுங்கும்போதே சொல்லிவிடு. நடுக்கம் நின்றபின் உனக்குச் சொல்லத் தோன்றாது.

நான் அப்படித்தான் உன் அம்மாவிடமும் சொல்லாமல் இருந்தேன். கல்யாணப் பட்டியலில் ஆறுச்சாமியின் பெயரை நானே எழுதினேன். உனக்கும் அவளுக்கும் அது என் பெருந்தன்மையாகப் பட்டிருக்கும். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல் ஓர் அழைப்பிதழை அனுப்பிக் கணக்கை முடித்துவிடப் பார்த்தேன், வேறொன்றுமில்லை. உன் சிவப்புக் கோடு அந்த வழியை அடைத்தது. பட்டியல் வந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

“அவுக போற அன்னிக்கு அந்தப் பொம்பளை சொல்லிட்டுப் போக வந்து வாசல்ல நின்னா. எம் பிள்ளை காலை ஒடிச்சவன் பொண்டாட்டின்னு நான் கதவத் தொறக்கல. ஒரு செம்பு தண்ணி குடுக்கல” என்றாள். பிறகு, “என்னையும்லா பாவியாக்கிட்டீக” என்றாள். அதற்குமேல் இன்றுவரை என்னிடம் அவசியமான சொற்களைத் தவிர எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதலமடைக்குப் போனேன். ஸ்டேஷனில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே ஒன்றரை மைல் வெயிலில் நடந்தேன். ஆறுச்சாமி ஒரு தோப்பில் பம்பு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. தோப்புக்காரர்கள் கூப்பிடும்போது போய்ப் பார்க்கிற வேலை. நிலையான வேலை அதன்பின் எங்கும் கிடைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார். ஏனுங்க, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?” என்றார். தன் மனைவியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மோரை என் கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டரின் விரல்கள் முதல் துரையிடம் நான் சொன்ன ஆங்கிலம் வரை ஒன்றையும் விடவில்லை. அவர் கந்தல் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கு நீங்க இங்கிலீசுல என்ன சொன்னீங்கன்னு எனக்குப் புரியலீங்க. ஆனாத் துரை மூஞ்சி மாறுனது புரிஞ்சுதுங்க” என்றார். பிறகு கேட்டார்: “இது தம்பிக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் பண்ணலீன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

பட்டியல் வந்த நாளிலிருந்து நான் அடுக்கிவைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் அந்தக் கேள்வியில் உதிர்ந்துபோயின. மன்னிப்பு என்று நான் கொண்டுபோனதை அவர் கையில் வாங்கிப் பார்த்து, இது முகவரி மாறி வந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பையிலிருந்து உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, வெற்றிலை பாக்கோடு நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கை அழுக்காக இருக்கிறது என்பதுபோல ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அந்தச் சாக்கையும் வேண்டாமென்று விட்டுவிட்டு நேராகச் சொன்னார்.

“தம்பி கல்யாணத்துக்குத் தம்பி கூப்பிடட்டுங்க. நீங்க கூப்புட்டு நான் வந்தா, படிச்சவரு பெரிய மனசு பண்ணிக் கூப்புட்டாருன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. அது எனக்கு வேண்டாமுங்க. அந்தக் காலு எப்பிடி இருக்குதுன்னு நானும் பாக்கோணுமுங்க. ஏழு வருசமாப் பாக்கலீங்க. தம்பி தனியா வரட்டும். நீங்க கூட வர வேண்டாமுங்க.”

மோரைக் குடித்துவிட்டுப் போகும்படி சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். உன் கோபம் உனக்கு உரியது. அதை யார்மேல் திருப்புவது என்று இனி நீ தீர்மானித்துக்கொள். எனக்காகப் பரிந்து அதைக் குறைத்துக்கொள்ளாதே. ஆனால் அதைச் சுமந்துகொண்டே மணவறையில் ஏறிவிடாதே. அதற்குமுன் ஒரு நாள் லீவு போடு. பொள்ளாச்சியில் வண்டி மாறி முதலமடையில் இறங்கு. ஸ்டேஷனில் பம்பு ஃபிட்டர் ஆறுச்சாமி என்று கேட்டால் வழி சொல்வார்கள். உன்னால் ஒன்றரை மைல் நடக்க முடியாது, மாட்டுவண்டி கிடைக்கும். அவர் வாங்காத பத்திரிகையை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அதில் அழைப்பவர் என்று அச்சாகியிருக்கும் என் பெயரை நானே அடித்துவிட்டேன். உன் பெயரை நீ எழுதிக்கொள். அவர் வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை; கேட்காமல் வந்துவிட்டேன்.

போய்த் திரும்பியபின், கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்று எழுதினால், அம்மா மட்டும் முதல் நாள் காலை பஸ்ஸில் கல்யாணம் நடக்கும் போடிக்கு வந்து சேருவாள். அவளிடம் பெட்டி கனமாக இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு யாரையாவது அனுப்பி வை.

அப்பா